புல்லாங்குழலும் காடிக் கிண்ணமும்

முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு நேர் அடியில் கூராக ஓர் எலும்பு ஓடுகிறது. இருட்டில் கட்டில் சட்டத்தில் இடித்துக்கொண்டால் உயிர் போகிற வலி வருவது இங்கேதான், ஏனென்றால் இதற்கு மேல் சதைப்பற்றே கிடையாது. மருத்துவர்கள் இதை டிபியா என்பார்கள். பழைய ரோமில் டிபியா என்றால் கால் எலும்பு. டிபியா என்றால் ஊதுகுழலும்கூட. எலும்பில் துளையிட்டுக் குழல் செய்யும் பழக்கம் ரோமைவிட எவ்வளவோ பழையது. தெற்கு ஜெர்மனியின் குகைகளில் பறவை எலும்பால் செய்த குழல்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றின் வயது ஏறக்குறைய 40,000 ஆண்டுகள்.

டிபியாவுக்கு வெளிப்பக்கமாக ஒல்லியான இன்னோர் எலும்பு அதை ஒட்டி நிற்கிறது. அதன் பெயர் ஃபிபுலா. ரோமர்கள் மேலாடையின் இரு முனைகளைத் தோளில் சேர்த்துக் குத்திக்கொண்ட ஊக்குக்கு அதுதான் பெயர். இரண்டு எலும்புகளையும் மேசையில் சேர்த்து வைத்துப் பார்த்தால் காரணம் உடனே விளங்கும்: பருத்த தண்டு டிபியா, அதற்கு இணையாக ஓடி இரு முனைகளிலும் ஒட்டும் ஊசி ஃபிபுலா. சற்று மேலே போனால் முழங்கால் சில்லு, லத்தீனில் பட்டெல்லா, சிறு தட்டு. அதற்கும் மேலே தொடையெலும்பின் உருண்டைத் தலை வந்து பொருந்தும் இடுப்புக் குழி, அசிடாபுலம். அசீட்டம் என்றால் காடி. ரோமரின் உணவு மேசையில் காடி ஊற்றி வைக்கும் சிறு கிண்ணம் அசிடாபுலம். அதே பெயரில் முகத்தல் அளவு ஒன்றும் இருந்தது, நம் கணக்கில் சுமார் 68 மில்லிலிட்டர். அந்தக் குழியைத் தாங்கும் இடுப்பு எலும்புக் கூட்டத்துக்குப் பெல்விஸ், அதாவது தொட்டி என்று பெயர். மூக்கின் நடுச்சுவரில் உள்ள மெல்லிய எலும்பு வோமர். வோமர் என்றால் கொழு, ஏரின் முனையில் மாட்டும் அதே கொழு.

மருத்துவக் கல்லூரியின் முதலாண்டில் இந்தப் பெயர்களெல்லாம் பொருள் தெரியாமலேயே மனப்பாடம் செய்யப்படுகின்றன. எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது. இவை யாரோ உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய கடினச் சொற்கள் அல்ல. ஓர் எலும்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒருவர், தன் அடுக்களையிலும் வயலிலும் கொல்லன் பட்டறையிலும் புழங்கிய பொருள்களை நினைத்துச் சொன்ன பெயர்கள். பொருளோடு படித்தால் எலும்பின் உருவமும் சேர்ந்தே மனத்தில் நிற்கும்.

தசைக்கு வந்த பெயரைப் பாருங்கள். முஸ்குலுஸ் என்றால் சின்ன எலி. கையை மடக்கி முறுக்கும்போது மேற்கையில் தோலுக்கு அடியில் ஏதோ ஓடி மேலேறுகிறதே, அதைப் பார்த்து வைத்த பெயர். கிரேக்கத்திலும் எலிக்கும் தசைக்கும் ஒரே சொல். மேற்கையின் தசையை லத்தீனில் லசெர்ட்டுஸ் என்றும் சொன்னார்கள். அதற்குப் பல்லி என்றும் பொருள். நம் ஊரில் அதே பார்வை மீனைக் கண்டது. கெண்டைக்கால் என்கிறோம், கெண்டைச் சதை என்கிறோம். நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கும் அந்த வடிவம் காவிரிக்கரையில் இருந்தவருக்குக் கெண்டையாகத் தெரிந்திருக்கிறது.

*

லத்தீன் பெயர்கள் என்று சொன்னாலும், உடற்கூற்றுப் பெயர்களில் பல லத்தீனில் பிறந்தவை அல்ல. கதை எகிப்தின் அலெக்சாண்டிரியாவில், கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. மனித உடலை அறுத்துப் பார்க்க அங்கே அரசு அனுமதி இருந்தது. பண்டைய உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத வாய்ப்பு அது. அங்கே வேலை செய்த ஹீரோஃபிலஸ் என்ற கிரேக்க மருத்துவர், இரைப்பைக்கு அடுத்துத் தொடங்கும் சிறுகுடலின் முதல் பகுதியை விரல்களை அடுக்கி அளந்தார். பன்னிரண்டு விரல் அகலம் வந்தது. 'பன்னிரண்டு விரல்' என்றே அதற்குப் பெயர் வைத்தார். அந்தப் பகுதியின் நீளம் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். ஒரு விரற்கடைக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று போட்டுப் பாருங்கள், அவர் கணக்கு சரியாகவே இருக்கிறது. அந்தக் கிரேக்கச் சொல் அரபுக்குப் போய், அரபிலிருந்து லத்தீனுக்கு வந்து டியோடினம் ஆனது. வயிற்றுப்புண் வந்து எண்டோஸ்கோப்பி எடுத்துக்கொண்ட எவரும் தம் அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்திருப்பார்கள். 2,300 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் விரல் வைத்து அளந்த அளவு அது.

அரபின் வழியாக வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை மூளையைச் சுற்றியுள்ள உறைகளின் பெயர்கள். 2-ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலனின் கிரேக்க நூல்களை 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவர் குழுவினரும் சிரியாக்கிலும் அரபிலும் பெயர்த்தார்கள். அந்த மரபில் வந்த மருத்துவர்கள் மூளையைப் பொதிந்து வைத்திருக்கும் உறையை 'மூளையின் தாய்' என்றார்கள். ஒன்றைச் சுற்றிக் காத்து நிற்பதை, ஒன்றுக்கு ஆதாரமாக இருப்பதைத் தாய் என்று சொல்வது அரபு வழக்கு. கெட்டியான வெளி உறை கடினத் தாய். மூளையின் மடிப்புகளோடு ஒட்டிப் படியும் உள் உறை மெல்லிய தாய். 10-ஆம் நூற்றாண்டின் பாரசீக மருத்துவர் அலீ இப்னு அல்-அப்பாஸின் பெருநூலை 1127-வாக்கில் அந்தியோக்கியாவின் ஸ்டீபன் லத்தீனாக்கினார். தாயை அப்படியே வைத்துக்கொண்டார்: டூரா மாட்டர், கடினத் தாய். உள் உறைக்கு வரும்போது சொல் சற்று நழுவியது. மெல்லிய என்பது லத்தீனில் பியா ஆகிவிட்டது. பியா என்றால் பக்தியுள்ள, அன்புள்ள. அன்று முதல் நம் மூளையின் உட்போர்வை பக்தியுள்ள தாய்.

இலங்கைத் தமிழ் உயிரியல் நூல்கள் இந்த உறைகளை வன்றாயி, மென்றாயி என்கின்றன. தாய் பாக்தாதிலிருந்து லத்தீனுக்கும் அங்கிருந்து ஆங்கிலப் பாடநூல்கள் வழியாக யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறாள். அதைவிட எனக்கு வியப்பு, 'மென்' என்ற அடை. லத்தீன் தவறவிட்ட அரபுப் பொருளைத் தமிழ் மீட்டுவிட்டது. சொல்லை உண்டாக்கியவர் அரபு மூலத்தைத் தேடியிருக்க வேண்டியதில்லை. உறையைப் பார்த்தாலே மென்மை தெரியும்.

*

1543-இல் பாசெல் நகரில் ஒரு பெரிய நூல் அச்சாகி வந்தது. 'மனித உடலின் கட்டமைப்பு' என்பது அதன் லத்தீன் தலைப்பின் பொருள். எழுதியவர் ஆண்ட்ரியாஸ் வெசேலியஸ், பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர், இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், வயது 28. அதுவரை ஐரோப்பாவில் உடற்கூற்றுப் பாடம் எப்படி நடந்தது என்றால், பேராசிரியர் உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து கேலனை வாசிப்பார். கீழே நாவிதர் உடலை அறுப்பார். இன்னொருவர் குச்சியால் சுட்டிக் காட்டுவார். நூலில் உள்ளதும் உடலில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று கவனிக்க வேண்டியவர் அந்த மூவரில் ஒருவரும் இல்லை. வெசேலியஸ் நாற்காலியிலிருந்து இறங்கிக் கத்தியைத் தானே எடுத்தார்.

எடுத்ததும் கேலன் சொன்ன பலவும் தவறு என்று தெரிந்தது. கேலன் கிளாடியேட்டர்களின் காயங்களுக்கு மருத்துவம் பார்த்தவர், கூர்மையான ஆய்வாளர். ஆனால் அவர் காலத்து ரோமில் மனித உடலை அறுக்க வழியில்லை. குரங்கையும் பன்றியையும் அறுத்து மனிதனுக்கு எழுதினார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் என்றார்; அது ஒன்றே. மூளையின் அடியில் நுண்ணிய இரத்தக்குழாய்களின் வலை ஒன்று இருப்பதாக எழுதினார். ஆட்டுக்கும் மாட்டுக்கும் உண்டு, நமக்கு இல்லை. வெசேலியஸின் பாரிஸ் ஆசிரியர் ஜாக் துபுவா, லத்தீனில் சில்வியஸ், இதைக் கேட்டுக் கொதித்தார். கேலன் தவறவில்லை, அவர் காலத்துக்குப் பிறகு மனித உடல்தான் மாறிவிட்டது என்று வாதிட்டார்.

அந்தச் சண்டையில் சில்வியஸ் தோற்றார். பெயர்களின் வரலாற்றிலோ வென்றது அவர்தான். வெசேலியஸ் தசைகளுக்குப் பெரும்பாலும் பெயர் வைக்கவில்லை, எண் கொடுத்தார்: கையை அசைக்கும் முதல் தசை, இரண்டாம் தசை என்று. கேலனிடமிருந்து வந்த வழக்கம் அது. ஒரு நூலுக்குள் எண் போதும். அடுத்த நூலாசிரியர் வேறு பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் ஐந்தாம் தசை எட்டாம் தசை ஆகிவிடும். சில்வியஸ் தசையின் வடிவத்தையும் இடத்தையும் வேலையையும் பார்த்துப் பெயர் சூட்டினார். எவர் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் வடிவம் மாறுவதில்லை. 1734-இல் லைடன் நகரப் பேராசிரியர் பெர்ன்ஹார்டு அல்பினஸ் மனிதத் தசைகளைப் பற்றி எழுதிய நூலில் இந்த முறை நிலைபெற்றது. இன்று நாம் புழங்கும் தசைப் பெயர்கள் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை.

வெசேலியஸ் பெயரே வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. இதயத்தின் இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இரண்டு இதழ்கள் கொண்ட வால்வு ஒன்று இருக்கிறது. அந்த இதழ்கள் பிஷப் அணியும் இருமுனை முடியை, மைட்டரை, நினைவூட்டுவதாக அவர் எழுதினார். மைட்ரல் வால்வு என்ற பெயர் அப்படி வந்தது. சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து அந்த வால்வு சுருங்கிப் போனவர்கள் நம் நாட்டில் ஏராளம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட மருத்துவமனை வாசலில் "மைட்ரல் வால்வு" என்று சரியாகச் சொல்வதைக் கேட்கலாம்.

ரோமர்களுக்கே தெரியாத லத்தீனும் உண்டு. நடுக்காதில் மூன்று எலும்புகள்: சுத்தி, பட்டடை, அங்கவடி. கடைசி எலும்பை 1546-இல் நேப்பிள்ஸில் கண்டு சொன்னவர் ஜொவான்னி ஃபிலிப்போ இங்கிராசியா. உடலின் மிகச் சிறிய எலும்பு அது, சுமார் மூன்று மில்லிமீட்டர் உயரம். குதிரையேறிக் கால் வைக்கும் அங்கவடி போலவே இருந்ததால் ஸ்டேப்ஸ் என்றார். ஆனால் ஜூலியஸ் சீசர் அங்கவடி இல்லாமல்தான் குதிரை ஏறினார். அங்கவடி ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது ரோமப் பேரரசு மேற்கில் சரிந்த பிறகு. பழைய லத்தீனில் அதற்குச் சொல் இல்லாததால், நிற்பதற்கும் பாதத்துக்கும் உள்ள சொற்களைச் சேர்த்து இடைக்காலத்தவர் ஒன்றைச் செய்துகொண்டார்கள். லத்தீனைச் செத்த மொழி என்கிறோம். உடற்கூற்றியலுக்குள் அது புதுச் சொற்களைப் பெற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. நஞ்சுக்கொடிக்கு 1559-இல் ரியால்டோ கொலம்போ பிளசென்டா என்று பெயர் வைத்தார். ரோமர்களின் தட்டையான பணியாரம் ஒன்றின் பெயர் அது.

*

இனி இந்தப் பெயர்களின் இலக்கணம். இதைச் சொல்லாமல் விட்டால் அத்தியாயம் எழுதியே பயனில்லை.

தலையை வலப்பக்கம் முழுக்கத் திருப்புங்கள். கழுத்தின் இடப்பக்கம் காதுக்குப் பின்னாலிருந்து தொண்டைக்குழி வரை கயிறுபோல ஒரு தசை புடைத்து நிற்கும். அதன் பெயர் ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு. முதல் பகுதி நெஞ்செலும்பு. இரண்டாவது காறை எலும்பு. மூன்றாவது காதுக்குப் பின்னால் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேடு. நெஞ்செலும்பிலும் காறை எலும்பிலும் தொடங்கிக் காதுக்குப் பின்னால் போய்ப் பிடிக்கும் தசை என்ற முழு விவரமும் பெயரிலேயே இருக்கிறது. தொடங்கும் இடமும் முடியும் இடமும் தெரிந்தால், சுருங்கும்போது அது என்ன செய்யும் என்பதை நீங்களே சொல்லிவிடலாம்: முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பும்.

வேலையைச் சொல்லும் பெயர்கள் இன்னும் தெளிவானவை. ஃபிளெக்சர் என்றால் மடக்குவது, எக்ஸ்டென்சர் நீட்டுவது, லெவேட்டர் தூக்குவது. ஃபிளெக்சர் டிஜிடோரம் சூப்பர்ஃபிஷியாலிஸ் என்று கேட்டால் மிரட்சியாக இருக்கிறது. பிரித்தால், விரல்களை மடக்குவது, மேலாக உள்ளது. மேலாக உள்ளது என்று ஒன்று இருந்தால் ஆழத்தில் உள்ளது ஒன்று இருந்தே தீரும்: ஃபிளெக்சர் டிஜிடோரம் புரோஃபண்டஸ். மேலே உள்ளது விரலின் நடுக் கணுவைப் பிடித்து மடக்குகிறது, ஆழத்தில் உள்ளது நுனிக் கணுவை. கண்ணாடி வெட்டி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு வருபவரிடம் மருத்துவர் விரலின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொல்வது இதற்காகத்தான். நுனி மடங்கவில்லை என்றால் அறுபட்டது ஆழத்துத் தசைநார்.

லாங்கஸ் என்று ஒன்றைப் பார்த்தால் பக்கத்தில் பிரெவிஸ் எங்கே என்று தேடலாம், நீண்டது, குட்டையானது. மேஜர் இருந்தால் மைனர் இருக்கும். பெயரில் நீளமானது மேலுதட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது: லெவேட்டர் லேபியை சுப்பீரியோரிஸ் அலேக்வே நேசை. மேலுதட்டையும் மூக்கின் சிறகையும் தூக்குவது. மூக்குத்துவாரத்தின் பக்கச் சுவரைச் சிறகு என்று சொன்ன கண்ணை நினைத்துப் பாருங்கள். நாற்றம் பட்டால் முகம் சுளிக்கிறோமே, அதைச் செய்வது விரல்கடை அகலம்கூட இல்லாத இந்தத் தசைதான்.

வலம் இடம் பற்றி ஒரு சொல். இந்த மொழியில் வலம் என்பது எப்போதும் நோயாளியின் வலம், பார்ப்பவருடையது அல்ல. உடல் நிமிர்ந்து நின்று உள்ளங்கையை முன்னே காட்டுவதாக வைத்துக்கொண்டே எல்லாத் திசைகளும் சொல்லப்படும். அறுவை அரங்கில் எந்தச் சிறுநீரகம் என்ற கேள்விக்கு ஒரே பதில் இருக்க வேண்டுமானால் வேறு வழியில்லை.

*

பெயர்களில் தவறுகளும் தங்கியிருக்கின்றன. இறந்த உடலை அறுத்தால் தமனிகள் பெரும்பாலும் காலியாக இருக்கும். இரத்தம் சிரைகளில் தேங்கிவிடும். அதைப் பார்த்த கிரேக்கர்கள் தமனியில் ஓடுவது காற்று என்று நம்பினார்கள். ஆர்டெரி என்ற சொல் அந்த நம்பிக்கையோடு கலந்தது. மூச்சுக்குழாயும் ஆர்டெரிதான் அவர்களுக்கு, வளையங்களால் சொரசொரப்பாக இருக்கும் ஆர்டெரி. 'சொரசொரப்பான' என்ற அடைமொழி டிரேக்கியா. காலப்போக்கில் காற்றுக்குழாய் தன் பெயர்ச்சொல்லை இரத்தக்குழாயிடம் இழந்து, அடைமொழியை மட்டும் வைத்துக்கொண்டது. இதில் குறிப்பிட வேண்டியது, தவறு என்றைக்கும் நீடிக்கவில்லை என்பதுதான். 2-ஆம் நூற்றாண்டிலேயே கேலன் உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடங்களில் கட்டி, நடுவில் வெட்டிக் காட்டினார். உள்ளே இரத்தம்தான் இருந்தது. கருத்து செத்தது, பெயர் இன்னும் வாழ்கிறது.

நெர்வுஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு முதலில் நாண், தசைநார் என்றே பொருள். வெள்ளையாக, கயிறுபோல இருப்பதெல்லாம் அதில் அடங்கும். பிறகுதான் அது உணர்வைக் கொண்டுசெல்லும் இழைக்கு மட்டும் உரியதாயிற்று. நமக்கு இது புதிதே அல்ல. யாழின் தந்தியும் நரம்பு, தசைநாரும் நரம்பு, சிரையும் நரம்பு. இன்றும் வார்டில் செவிலியர் குளுக்கோஸ் ஏற்றச் சிரையைத் தேடும்போது "நரம்பு கிடைக்கல" என்றுதான் சொல்கிறார். இரண்டு மொழிகள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு வந்த பெயர் இன்னும் பொருத்தமற்றது. பிட்யூட்டா என்றால் சளி. மூளையில் ஊறும் சளி அந்த வழியாக இறங்கி மூக்கில் ஒழுகுகிறது என்று கேலன் காலத்திலிருந்து நம்பினார்கள், வெசேலியஸும் நம்பினார். 17-ஆம் நூற்றாண்டில் விட்டென்பர்க் நகரின் கொன்ராட் ஷ்னைடர், சளி மூக்கின் உட்தோலிலேயே ஊறுகிறது, மூளையிலிருந்து மூக்குக்கு வழியே இல்லை என்று நிறுவினார். வளர்ச்சியையும் தைராய்டையும் மாதவிடாயையும் தாய்ப்பாலையும் ஆளும் சுரப்பி இன்றும் சளியின் பெயரைச் சுமக்கிறது.

இந்தப் பெயர்களை மாற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆர்டெரி என்று சொல்லும் எவரும் இன்று காற்றை நினைப்பதில்லை. மாற்றினால் வரும் குழப்பம் பெரிது. அந்தக் குழப்பம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை 19-ஆம் நூற்றாண்டு பார்த்துவிட்டது. ஒவ்வொரு நாடும், ஒவ்வொரு பேராசிரியரும் தனித்தனியே பெயர் வைத்ததில் சுமார் 5,000 உறுப்புகளுக்கு ஏறக்குறைய 50,000 பெயர்கள் சேர்ந்துவிட்டன. ஜெர்மானிய உடற்கூற்றாளர் சங்கம் குழு அமைத்தது. வில்ஹெல்ம் ஹிஸ் அதை முன்னின்று நடத்தினார். 1895-இல் பாசெலில் முதல் பொதுப் பட்டியல் ஏற்கப்பட்டது. வெசேலியஸின் நூல் அச்சான அதே நகரம்.

பிரிட்டன் 1933-இலும் ஜெர்மனி 1935-இலும் தத்தம் திருத்தங்களைச் செய்துகொண்டன. மறுபடி பிளவு வந்துவிட்டது. போருக்குப் பிறகு பல நாட்டவர் கூடி 1955-இல் பாரிஸில் ஒரே பட்டியலுக்கு வந்தார்கள். அதன் விதிகள் எளியவை, நான் மதிப்பவை. ஓர் உறுப்புக்கு ஒரே பெயர். பெயர் முடிந்தவரை சிறியதாக இருக்க வேண்டும். அருகருகே உள்ளவற்றுக்கு ஒத்த பெயர் வேண்டும்: தொடைத் தமனி, தொடைச் சிரை, தொடை நரம்பு. ஆட்களின் பெயர் கூடாது. ஃபெலோப்பியன் குழாய் கருப்பையின் குழாய் ஆயிற்று. அக்கிலிஸ் தசைநார் குதிகாலின் தசைநார் ஆயிற்று. வார்டுகளில் பழைய பெயர்கள் இன்னும் ஒலிக்கின்றன என்றாலும் அதிகாரப்பூர்வப் பெயர்கள் அவை அல்ல. அதிகாரப்பூர்வப் பெயர் லத்தீனில் இருக்கும்; ஒவ்வொரு நாடும் கற்பிப்பதற்காக அதைத் தன் மொழியில் பெயர்த்துக்கொள்ளலாம். லத்தீன் இன்று எந்த நாட்டின் தாய்மொழியும் இல்லை என்பதால் யாரும் யாருக்கும் பணிந்ததாக ஆகவில்லை.

அந்தக் கடைசி விதியைத் தமிழர்கள் பாரிஸுக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். மாசசூசெட்ஸிலிருந்து 1847-இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர் ஊரில் தங்கி மருத்துவம் பார்ப்பார் என்பது அவர் எண்ணம். மாணவர்களோடு சேர்ந்து நூல்களைப் பெயர்த்தார். 1872-இல் வந்த 'மனுஷ அங்காதிபாதம்' கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலைப் பெரிதும் ஒட்டியது; அப்போது கிரேயின் நூல் வெளிவந்தே 14 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கலைச்சொல்லுக்கு அவர் வைத்த முறை இது: முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் வடமொழியில் தேடு, அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுது. இன்றைக்கும் இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. தமிழில் தேடுவது வீண் வேலை இல்லை என்பதற்குக் காறை எலும்பு சாட்சி. லத்தீனில் அது கிளாவிகுலா, சின்னச் சாவி. தமிழில் காறை கழுத்தணி. எலும்பைக் கையில் வைத்துப் பார்த்தவர் சாவியைக் கண்டார். உடலோடு பார்த்தவர் அணி கிடக்கும் இடத்தைக் கண்டார்.

*

தவறான பெயர்களை அப்படியே விட்டுவிடலாம் என்றேன். ஒரே ஒரு பெயரை அப்படி விடக்கூடாது.

1998-இல் வெளிவந்த உலகப் பட்டியலில் பெண்ணின் வெளிப் பிறப்புறுப்புக்குப் புடெண்டம் என்ற பெயர் இருந்தது. வெட்கப்பட வேண்டியது என்று அதற்குப் பொருள். பழைய லத்தீனில் அந்தச் சொல்லை ஆணுக்கும் சொன்னார்கள், பெண்ணுக்கும் சொன்னார்கள். அறிவியல் பட்டியலில் ஆணுக்கு அது நின்றுபோனது, பெண்ணுக்கு மட்டும் தங்கியது. தமனியில் காற்று என்றது கண்ணுக்குத் தெரிந்ததைத் தவறாகப் புரிந்துகொண்ட பிழை. பிட்யூட்டரியும் அப்படித்தான். புடெண்டம் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. எந்த உடலை அறுத்தாலும் வெட்கம் என்று ஒன்று கண்ணில் படாது. பார்த்தவர் தன் தீர்ப்பை உறுப்பின் மேல் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதே வெட்கத்தால் எரிச்சலையும் கட்டியையும் இரத்தக்கசிவையும் மருத்துவரிடம் சொல்லாமல் மறைக்கும் பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்பது எந்த மகப்பேறு மருத்துவருக்கும் தெரியும். பிறப்புறுப்பு என்ற தமிழ்ச் சொல் இந்த விஷயத்தில் லத்தீனைவிட எவ்வளவோ மேல்.

2019-இல் தயாராகி அடுத்த ஆண்டு ஏற்கப்பட்ட இரண்டாம் பதிப்பில் புடெண்டம் நீக்கப்பட்டது. ஆனால் இடுப்பின் அடித்தளத்தில், முதுகுத்தண்டின் திருவெலும்புப் பகுதியிலிருந்து கிளம்பி, ஆண் பெண் இருவருக்கும் சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் தசைகளை இயக்கி, பிரசவ வேளையில் மருத்துவர் மரத்துப்போக ஊசி போடுகிற நரம்பின் பெயர் அந்தப் பதிப்பிலும் புடெண்டஸ்தான். அடுத்த பதிப்பில் அதுவும் போக வேண்டும்.